ஆக்சலாட்டிலின் செவுளும் தொட்டித் தண்ணீரும்

ஆக்சலாட்டிலின் தலைக்குப் பின்னால், பக்கத்துக்கு மூன்றாக ஆறு செவுள் தண்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தண்டிலும் மெல்லிய இழைகள் இறகுபோல அடர்ந்திருக்கும். மெக்சிகோ நகரை ஒட்டிய சோச்சிமில்கோ நீர்நிலைகளே இதன் பூர்வீகம். மீனைப் போல வாழ்ந்தாலும் இது மீன் அல்ல. தவளைக்கு உறவான சலமாண்டர். சலமாண்டர்களில் பல, வளர்ந்ததும் செவுளை இழந்து கரையேறிவிடும். ஆக்சலாட்டிலோ இளம்பருவத் தோற்றம் மாறாமலே முதிர்ந்து, தண்ணீருக்குள்ளேயே முட்டையிடும்.

அரிதாக இந்த விதி மாறுவதும் உண்டு. 1864இல் பாரிஸில் விலங்கியலாளர் ஒகுஸ்ட் துமேரில் ஆக்சலாட்டில்களை வளர்த்தார். அடுத்த ஆண்டு அவற்றின் குஞ்சுகளில் சில செவுளும் வால்துடுப்பும் சுருங்கி, தரைவாழ் சலமாண்டர்களாக உருமாறின. இதற்குத் தைராய்டு சுரப்பு காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. செவுளோடு துடுப்பும் சேர்ந்து சுருங்கி, கண்ணிமையும் தோன்றினால் அது நோய் அல்ல, உருமாற்றம்.

செவுள் இழைகளின் தோல் மிக மெல்லியது. அதனூடே ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. தோலாலும் இவ்விலங்கு சுவாசிக்கும். நுரையீரலும் இருப்பதால் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்லும். இது இயல்புதான். ஓயாமல் மேலே வந்தால்தான் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும்.

பெரிய, அடர்ந்த செவுள்தான் ஆரோக்கியத்தின் அடையாளம் என்று வளர்ப்போர் பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மையே. ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் கூடுதல் பரப்பு தேவைப்படுவதால் செவுள் பெரிதாக வளரும். ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில் சிறிதாகவே இருந்துவிடலாம். பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆகவே படத்தில் பார்த்த இன்னொரு விலங்கோடு ஒப்பிடுவது பயன்தராது. அதே விலங்கின் செவுள் போன மாதம் எப்படி இருந்தது என்பதே சரியான அளவுகோல். நிறமும் அப்படித்தான். வெளிர்நிற ஆக்சலாட்டில் ஓடியாடும்போது செவுள் சிவந்தும், ஓய்வில் வெளுத்தும் தெரியும். வெளுப்பு நாள்கணக்கில் நீடித்து, இரையிலும் நாட்டம் குறைந்தால் கவனிக்க வேண்டும்.

செவுள் தண்டுகள் முன்பக்கமாக வளைந்தே நின்றால் அது மன அழுத்தத்தின் அறிகுறி. பெரும்பாலும் ஃபில்டரிலிருந்து வரும் நீரோட்டம் மிக வேகமாக இருக்கும். இழைகள் உதிர்ந்து தண்டு மொட்டையாகிறது என்றால் முதலில் அமோனியாவைச் சோதிக்க வேண்டும். அது இழைகளை எரித்துவிடும். தொட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இவற்றை நீக்கும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் நிலைபெறப் பல வாரங்கள் ஆகும். விலங்கை வாங்குவது அதற்குப் பிறகுதான். குழாய்த் தண்ணீரின் குளோரினையும் நீக்கியாக வேண்டும். செவுளில் பஞ்சுபோல வெள்ளையாகப் படர்வது பூஞ்சை. அழுக்கும் வெப்பமும் சேர்ந்த தண்ணீரில் அது எளிதில் தொற்றும். மீனுக்கான மருந்துகளை அப்படியே ஊற்றுவது ஆபத்து. ஆக்சலாட்டிலின் தோல் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். நீர்நில வாழ்விகளை அறிந்த கால்நடை மருத்துவரைக் கேட்பதே நல்லது.

குஞ்சுகளை நெருக்கமாக வைத்தால் ஒன்றின் செவுளை மற்றொன்று கடித்துவிடும். மீன்களும் இழைகளைக் கொறிக்கும். இழந்த காலையே மீண்டும் வளர்த்துக்கொள்ளும் இவ்விலங்குக்குச் செவுளும் திரும்ப முளைக்கும். சுத்தமான, குளிர்ந்த தண்ணீரில், இளம்வயதில் அது விரைவாக நடக்கும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை வெப்பநிலை. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் ஏற்றது; 24ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் சூடாகும்போது அதில் ஆக்சிஜன் குறைகிறது, விலங்கின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. சென்னை, மதுரை போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதியில் தொட்டித் தண்ணீர் இந்த வரம்பைத் தாண்டியே இருக்கும். அங்கே மின்விசிறியோ பனிக்கட்டியோ போதாது, சில்லர் எனும் குளிர்விப்பான் வேண்டும். அதை வாங்கி ஆண்டு முழுவதும் ஓட்ட வசதியில்லாதவர்கள் தயவுசெய்து ஆக்சலாட்டிலை வாங்க வேண்டாம்.