செம்பியன் மாதேவியார்: கல்வெட்டும் படிமமும்

கம்பம் பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டிக்கு அணிமையில் உள்ளது சின்னமனூர். பாண்டியன் இராசசிம்மன் வழங்கிய செப்பேடுகள் அவ்வூரிற் கிடைத்தவை. தன் குலத்து வேந்தரை நிரல்பட நிறுத்திப் புகழும் அப்பட்டயத்துள் வானவன் மாதேவி என்னும் அரசி, இராசசிம்மனை ஈன்ற தாய் என்ற முறையில் இடம்பெறுகின்றார். அவர் தாமே செய்த செயல் ஒன்றனையும் அதனுள் யான் கண்டிலேன். அப்பகுதி மாணவர்க்கு இச்செப்பேட்டைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் மற்றோர் அரசியின் நினைவு எழும். இராசசிம்மனை வென்று மதுரை கொண்ட முதற் பராந்தகனின் மகன் கண்டராதித்தனுக்குத் தேவியாய் வாய்த்த செம்பியன் மாதேவியாரே அவர்.

இவ்வம்மையாரைப் பற்றி அண்மைக்காலத்து எழுதுவோர் பெரும்பாலும் ஒரு செப்புப் படிமத்திலிருந்தே தொடங்குகின்றனர். 1929-இல் வாசிங்டனிலுள்ள பிரீயர் கலைக்கூடம் வாங்கிய அப்படிமம் ஏறத்தாழ 107 செ.மீ. உயரமுடையது. உயர்ந்த கூம்பு முடி, சரிந்த தோள், நுண்ணிய இடை, மலர் ஏந்தற்கு அமைந்த வலக்கை, தொங்கவிட்ட இடக்கை, இடுப்பின் மெல்லிய வளைவு ஆகிய யாவும் உமையம்மைக்கு உரிய அமைதிகள். எனினும் கூரிய மூக்கு, நீண்ட உடலமைப்பு போன்ற தனிக்கூறுகளை நோக்கி, இஃது அரசியையே உமையாக வடித்த உருவம் என வித்தியா தெகேசியா முதலிய கலை வரலாற்றறிஞர் கருதினர். இக்கருத்து ஏற்கத் தகாதது அன்று. இராசேந்திரன் ஆட்சியில், 1019-இல், நாகைப் பகுதியிலுள்ள செம்பியன் மாதேவி என்னும் ஊர்க்கோயிலில் அரசியின் படிமம் நிறுவப்பெற்றதைக் கல்வெட்டு கூறுகின்றது. குந்தவையாரும் தஞ்சைப் பெரிய கோயிலில் தம் பெற்றோர்க்குப் படிமம் எடுப்பித்தார். ஆயினும் இப்படிமமே அப்படிமம் எனத் துணிதற்கு வேண்டிய சான்று வேறு. பாணியால் உய்த்துணர்வது வேறு.

இவ்வேறுபாட்டை மறந்தவிடத்துப் பிழை நேர்கின்றது. படிமத்தின் குழைவை அரசியின் இயல்பாகக் கொண்டு, அதன்கண் அச்சமும் நாணும் மடனும் காண்கின்ற ஆய்வேடுகளை யான் திருத்தியதுண்டு. கண்டராதித்தன் மறைவு ஏறத்தாழ 957-இல் ஆகும். அம்மையாரோ 1001 வரை வாழ்ந்தவர். நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட கைம்மை அது. படிமத்தில் உள்ளதோ மூப்பறியாத இளமை. முடியும் அணியும் குறையாத மங்கலம். அது மெய்யுருவாயின், யாருடைய மெய்? இறைவியின் பெண்மையை அரசிக்கு அணிவித்துப் பின்வந்தோர் செய்த சிறப்பு என்பதே என் துணிபு. கைம்மை நோற்ற ஒருவர்க்கு இத்தகைய சிறப்பு வாய்த்தது வியத்தற்குரியது.

வியப்பிற்குக் காரணம் உண்டு. அவர் காலத்துச் சோழர் குடியிலேயே, சுந்தர சோழன் மறைந்தபோது அவன் தேவி, பாலுண்ணும் மகவை விட்டு உடன் மாய்ந்தார் எனத் திருக்கோவலூர்க் கல்வெட்டுப் போற்றுகின்றது. அவர் பெயரும் வானவன் மாதேவி. (பாண்டியன் தாயும் இவரும் வேறாவர் என்பதை மாணவர் குறித்துக்கொள்க. இவை பட்டப்பெயர்கள்.) உடன்மாய்தலே கற்பின் உச்சமெனப் புகழப்பட்ட குடியில், சிறு மகனோடு வாழத் துணிந்தவர் செம்பியன் மாதேவியார். அவர் பெயரும் சோழரின் பெருந்தேவி எனப் பொருள்படும் பட்டப்பெயரே. மழவரையர் மகளார் என்றும், உத்தமசோழனை வயிற்றில் தாங்கியவர் என்றும் கல்வெட்டுகள் அவரைக் குறிக்கும். தந்தையால் ஒரு பெயர். மகனால் ஒரு பெயர். கணவன் குடியால் ஒரு பெயர். படிமத்தின் முகமோ தெய்வத்தினுடையது.

அவர்க்கே உரியனவாக எஞ்சுவன வினைச்சொற்கள். செங்கல்லாய் இருந்த தளிகளைக் கற்றளியாக எடுப்பித்தார், நிலம் விட்டார், விளக்கு வைத்தார். திருநல்லம், விருத்தாசலம், ஆரூர் அரநெறி என அப்பட்டியல் நீளும். தொல்காப்பியர் களவியலில் அச்சம் முதலிய மூன்றனையும் கூறியதோடு அமையாது, பொருளியலில் அறிவு, செம்மை, நிறைவு முதலானவற்றையும் பெண்பாற்கு உரியனவாக ஓதினார். உரை சொல்வோர் முன்னதையே பற்றிக்கொண்டு பின்னதைக் கைவிடுவது ஏனோ! இவ்வரசியின் பெண்மைக்கு இலக்கணம் தேடுவார் பொருளியலை நோக்குக.

இன்று கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்துக் கோயிலைக் கணவன் பெயரால் எடுப்பித்தார். கண்டராதித்தன் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பம் அங்குச் சுவரில் உள்ளது. அதன் கீழுள்ள கல்வெட்டு, எடுப்பித்தவர் மாதேவடிகள் என்கின்றது. காட்சி கணவனுக்கு, வினை மனைவிக்கு. பிரீயர் படிமத்தை நூலிற் கண்டு மகிழும் மாணவர், இச்சுவரை ஒருமுறை நேரிற் காணல் நன்று.

திருக்கோடிக்காவில் அவர் செய்தது, கல்வெட்டாய்வோர்க்கு இன்னும் நெருக்கமானது. பழைய தளியைப் பிரித்துக் கற்றளி எடுப்பிக்கும்போது, முன்னோர் அறங்களைத் தாங்கிய பழங் கற்களை எறிந்துவிடவில்லை. அவற்றிலிருந்த சாசனங்களைப் படியெடுத்து, இவை பழங்கற்களின் படி என்ற குறிப்போடு, புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். யாரோ எவரோ ஒரு விளக்கிற்குத் தந்த சிறுகொடையும் அதனால் இன்று நமக்குக் கிடைக்கின்றது.