இருவாட்சியின் கூட்டருகே

மாசித் திங்களில் ஒரு நாள், கேரளத்து வாழச்சால் மழைக்காட்டிற்குப் பறவை காணச் சென்றேன். காடர் குடிப் பெரியவர் ஒருவர் வழிகாட்டினார். ஓங்கிய மரத்தின் பொந்தொன்றைத் தொலைவிலிருந்தே சுட்டிக் காட்டினார். அத்தகைய பொந்தினுள் பெண் இருவாட்சி, வாயிலை எச்சத்தால் அடைத்து, சிறகின் இறகுகளை உதிர்த்து அடைகாக்கிறது. சிறு பிளவின் வழியே ஆண் பறவை ஊட்டும் அத்திப்பழம் முதலியனவே அதற்கு உணவு.

நான் படமெடுக்க முன்னே நகர்ந்தேன். "வேண்டாம் ஐயா, நம்மைக் கண்டால் ஆண் பறவை வராது, தாயும் குஞ்சும் பட்டினி கிடக்கும்" என்று தடுத்தார். நாணிப் பின்வாங்கினேன். ஒரு நாழிகைக்குப்பின், புகைவண்டி மூச்செறிவது போன்ற சிறகொலியுடன் ஆண் பறவை வந்து பழம் ஊட்டிற்று. இருவாட்சி உமிழும் விதைகளிலிருந்து காட்டில் பல மரங்கள் முளைக்கின்றன.

மாணவர்களே, காட்டினுள் முதலில் கால்களை அடக்கக் கற்றுக்கொள்ளுங்கள்; காட்சி தானே வரும்.