மின் கம்பியிலேயே மீட்டர் ரீடிங்!

கரண்ட் வரும் கம்பியிலேயே டேட்டாவையும் அனுப்பினால், தனியாக ஒயர் இழுக்கும் செலவு மிச்சம்தானே? இதைத்தான் பவர் லைன் கேரியர் (சுருக்கமாக பிஎல்சி) என்கிறார்கள்.

இரண்டும் கலந்துவிடாதா?

கலக்காது. வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டேட்டாவைச் சுமக்கும் கேரியர் அலையின் அதிர்வெண் இதைவிடப் பல மடங்கு அதிகம். ஐரோப்பாவில் மின் நிறுவனங்களுக்கு 3 முதல் 95 கிலோ ஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். மீட்டருக்குள் இருக்கும் பில்டர் 50 ஹெர்ட்ஸைத் தடுத்து, கேரியரை மட்டும் மோடமுக்கு விடும். டெலிபோன் ஒயரில் பேச்சும் பிராட்பேண்டும் சேர்ந்து வருவது போலத்தான்.

இத்தாலியில் என்ன செய்தார்கள்?

எனல் நிறுவனம் 2001-இல் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே சுமார் 3 கோடி வீடுகளில் இத்தகைய மீட்டர்களைப் பொருத்தியது. கேரியர் அலை டிரான்ஸ்பார்மரைத் தாண்டுவது கடினம். எனவே தெரு டிரான்ஸ்பார்மர் அருகிலேயே கான்சன்ட்ரேட்டர் என்ற கருவியை வைத்தார்கள். அது அந்தப் பகுதி மீட்டர்களின் ரீடிங்கைச் சேகரித்து, செல்போன் நெட்வொர்க் வழியாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும். ரீடிங் எடுக்க ஆள் வர வேண்டியதில்லை.

கட்டளை எதிர்த் திசையிலும் போகும். பணம் கட்டாதவருக்கு மின் அளவைக் குறைக்கலாம், இணைப்பைத் துண்டிக்கலாம், மீண்டும் கொடுக்கலாம். இந்த வசதி தவறான கைக்குப் போனால் ஊரே இருட்டாகிவிடும். அதனால்தான் இதில் என்கிரிப்ஷன் மிக முக்கியம்.

நம் கம்ப்யூட்டர் செய்யும் தொல்லை

எஸ்எம்பிஎஸ், செல்போன் சார்ஜர், எல்இடி பல்பு ஆகியவை நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை ஆன்-ஆப் செய்கின்றன. மலிவான எஸ்எம்பிஎஸ்களில் பில்டரை விட்டுவிடுவதுண்டு. அந்த இரைச்சல் கம்பியில் ஏறினால், மீட்டரின் மெல்லிய சிக்னல் சந்தைக் கூச்சலில் பேசியது போல் ஆகிவிடும். விலை குறைவு என்று பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் வாங்காதீர்கள்.

வீட்டிலும் பயன்படுத்தலாமா?

தாராளமாக. பவர்லைன் அடாப்டர் ஜோடி ஒன்று வாங்கி, ஒன்றை மோடம் அருகிலும் மற்றதைக் கம்ப்யூட்டர் அருகிலும் செருகினால் நெட்வொர்க் தயார். இவை மெகா ஹெர்ட்ஸ் அளவில் இயங்குவதால் மீட்டருடன் மோதாது. இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள்:

* அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். யுபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் ஆகியவை சிக்னலை விழுங்கிவிடும்.
* இரண்டு அடாப்டர்களிலும் உள்ள பேர் பட்டனை அழுத்தி, உங்களுக்கென்று தனிப் பாஸ்வேர்டு உருவாக்குங்கள். இல்லையெனில் பக்கத்து வீட்டு அடாப்டரும் உங்கள் நெட்வொர்க்கில் சேர்ந்துவிடக்கூடும்!