பொத்தானும் நூலும் குருதியைப் பிரித்த வகை

சட்டைப் பொத்தானின் இரு துளைகளில் நூலைக் கோத்து, அதன் முனைகளை இரு கைகளாற் பற்றி, முறுக்கேற்றி இழுத்தும் தளர்த்தியும் விளையாடாத சிறுவர் அரியர். பொத்தான் கிடைக்காதவர் சோடாப் புட்டியின் மூடியைக் கல்லால் தட்டித் தகடாக்கி, ஆணியால் துளையிட்டுக் கொள்வர். 'விர், விர்' என்னும் ஓசையே அவ்விளையாட்டின் இன்பம். அத்தகடு எத்துணை விரைவாகச் சுழல்கிறது என்று நம்மில் யார் அளந்து பார்த்தோம்? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உயிரிப்பொறியியலறிஞர் மனு பிரகாஷும் அவருடைய ஆய்வுத் துணைவர்களும் அளந்து பார்த்தனர். அதன் பயனாக எழுந்த மருத்துவக் கருவி ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

முதற்கண், குருதியைப் பிரிக்க வேண்டுவது ஏன் என்பதைக் காண்போம். நம் குருதியில் ஏறத்தாழ 55 விழுக்காடு இளமஞ்சள் நிறமுடைய நீர்மம். இதனை மருத்துவர் பிளாஸ்மா என்பர். நாம் குருதிநீர்மம் எனலாம். எஞ்சியதிற் பெரும்பகுதி சிவப்பணுக்களே. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் மிகச் சிறு பங்கினவே. உப்பு, புரதம், நோயெதிர்ப்பொருள் முதலியவற்றை அளக்கும் ஆய்வுகள் பல குருதிநீர்மத்தைக் கொண்டே நடைபெறுகின்றன. சிவப்பணுக்கள் உடனிருந்தால் அளவு பிழைபடும். சிலபோது அணுக்களின் பங்கு எவ்வளவு என்பதே அறிய வேண்டியதாகும். டெங்கிக் காய்ச்சல் கடுமையாகும்போது நுண்குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து வெளியேறும். அதனால் குருதியில் அணுக்களின் பங்கு உயரும். நோயாளியின் இயல்பான அளவைவிட அது 20 விழுக்காடு உயருமாயின், நீர்மக் கசிவு நேர்ந்துள்ளது என மருத்துவர் கொள்வர். டெங்கி நீங்காத நம் நாடுகளில் இவ்வளவையின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

உறையாமற் காக்கும் மருந்து சேர்த்த குருதியைக் குழாயில் நிறுத்தி வைத்தால், அணுக்கள் மெல்ல மெல்லக் கீழே படியும். நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால் குருதிநீர்மத்தின் அடர்த்தி ஏறத்தாழ 1.025, சிவப்பணுவின் அடர்த்தி ஏறத்தாழ 1.10. வேறுபாடு சிறிதாதலின், புவியீர்ப்பை மட்டும் நம்பினால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே குழாயை விரைந்து சுழற்றி, மையவிலக்கு விசையால் அணுக்களை வெளிமுனைக்குத் தள்ளுகின்றனர். சுழலும் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்காகும். இதனாலேயே வேகம் இத்துணை முதன்மை பெறுகிறது. இவ்வளவைக்கு ஆய்வகங்களில் உள்ள மின்பொறி நிமிடத்திற்கு 10,000 சுற்றுக்கு மேற் சுழன்று, ஐந்து நிமிடத்தில் பணியை முடிக்கும்.

மின்சாரம் இல்லாத ஊரில் என் செய்வது? 2013 ஆம் ஆண்டில் உகாண்டா சென்ற பிரகாஷ், அங்கு ஒரு மருத்துவ நிலையத்தில் இத்தகைய பொறி கதவுக்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுவதைக் கண்டார். பொறி இருந்தது, இயக்க மின்சாரந்தான் இல்லை. கையால் இயக்கும் கருவிகளை அதற்கு முன்னரே சிலர் முயன்றதுண்டு. 2008 இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் முட்டை அடிக்கும் கைக்கருவியிற் குழாய்களைக் கட்டிச் சுழற்றினர். 2010 இல் ரைஸ் பல்கலைக்கழக மாணவியர் இருவர், கழுவிய கீரையின் நீரை வடிக்கும் சுழற்கூடையை இதற்கெனத் திருத்தினர். அது நிமிடத்திற்கு 950 சுற்றுச் சுழன்றது. நல்ல முயற்சிகளே, எனினும் வேகம் போதாது.

பொத்தான் விளையாட்டில் உள்ள நுட்பம் நூலின் முறுக்கில் அடங்கியது. கையை இழுக்கும்போது முறுக்கு அவிழ்ந்து தகடு விரைகிறது. முறுக்கு முழுதும் அவிழ்ந்த பின்னும் தகடு நிற்பதில்லை. தன் உந்தத்தால் நூலை எதிர்ப்புறம் முறுக்குகிறது. அம்முறுக்கும் மிகுந்தபோது நூல் தன்மேல் தானே சுருண்டு சுருள்வில் போலாகிறது. அடுத்த இழுப்புக்குரிய ஆற்றல் அச்சுருளிலேயே சேமிக்கப்படுகிறது. நம் வீடுகளில் மத்தைக் கடைகயிற்றால் முன்னும் பின்னுமாகச் சுழற்றுவதும் இவ்வகை இயக்கமே. ஆயினும் வெண்ணெய் திரள்வது கொழுப்புத் துளிகள் மோதி ஒட்டிக்கொள்வதால். மையவிலக்கு விசையால் அன்று. இரண்டையும் ஒன்றாக மயங்கலாகாது.

ஒவ்வோர் இழுப்புக்கும் திசை மாறுமே, பிரிந்தவை மீண்டும் கலந்துவிடாவோ என்று மாணவர் வினவக்கூடும். நல்ல வினா. வட்டு இடமாகச் சுழன்றாலும் வலமாகச் சுழன்றாலும் மையவிலக்கு விசை வெளிநோக்கியே இருக்கும். திசை மாறும் கணத்தில் விசை குன்றினாலும், குறுகிய குழாயில் செறிந்து படிந்த அணுக்கள் அந்நொடிப்பொழுதிற் கலைவதில்லை.

பிரகாஷ் குழுவினரின் கருவி தாள் வட்டு, தூண்டில் நூல், கைப்பிடிகள் ஆகியவற்றால் ஆயது. எடை 2 கிராம். செலவு 20 அமெரிக்கக் காசுக்கும் குறைவு. குருதி அடங்கிய நுண்குழாயைக் குளிர்பானம் உறிஞ்சும் குழலுள் இட்டு வட்டில் ஒட்டுவர். 2017 இல் வெளியான அவர்களது ஆய்வுரையின்படி, உச்ச வேகம் நிமிடத்திற்கு 125,000 சுற்று. இது சிறு வட்டின் வேகம் என்பதை மறத்தலாகாது. குழாய்களைத் தாங்கும் பெரிய வட்டு அதனினும் மெதுவாகவே சுழலும். ஆயினும் ஒன்றரை நிமிடத்திற்குள் தூய குருதிநீர்மம் பிரிந்து நின்றது. 15 நிமிடம் சுழற்றியபோது மலேரியாக் கிருமிகளையும் தனியே பிரித்துக் காண முடிந்தது.

வடிகட்டியாற் பிரித்துவிடலாகாதோ எனின், அவ்வகைக் கருவிகளும் உள. ஆனால் சிவப்பணு 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் அகலமுடையதாயினும் மிக நெகிழ்வானது. தன்னிற் சிறிய துளையிலும் வளைந்து நுழையும், அல்லது துளையை அடைத்துக் கொள்ளும். அழுத்தம் மிகுந்தால் உடையும். உடைந்தால், நீர்மத்தில் உள்ளதைப்போல் இருபது மடங்குக்கு மேல் அணுவினுள் அடங்கியிருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். ஆய்வாளர் அதனை நோயாளியின் குறை என்றே மயங்குவர். ஆகவே எவ்வகைக் கருவியாயினும் அணுவை உடையாமற் பிரித்தல் வேண்டும்.

தாட்கருவிக்கும் எல்லை உண்டு. விரல் நுனியிற் குத்தி எடுக்கும் சில துளிகளுக்கே அது பயன்படும். நோயாளிக்கு ஏற்றும் குருதிநீர்மத்தைப் பைபையாகப் பிரிக்கக் குளிரூட்டிய பெரும்பொறிகளே வேண்டும். பதினைந்து நிமிடம் இடைவிடாது இழுப்பதும் கைக்கு எளிதன்று. அணுக்களின் பங்கை அளக்கவோ குழாயைக் கண்ணாற் கண்டு நோயறியவோ இது போதும். வேறோர் ஆய்வுக்கு நீர்மம் வேண்டுமாயின், நுண்குழாயை அணுக்களின் எல்லைக்கு மேலே அறுத்து, கலங்காமல் வெளியே எடுக்க வேண்டும். அதனைத் தவிர்க்க, நீர்மம் செல்லும் நுண்கால்வாய்களை வட்டிலேயே அமைப்பது ஒரு வழி. அக்குழுவினரே நெகிழ்மத்தாலும் முப்பரிமாண அச்சினாலும் அத்தகைய வட்டுகளைச் செய்து காட்டியுள்ளனர்.