மலைவீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன்

போடிமெட்டு ஏறி இடுக்கிக்குள் போகும் தேனிக்காரருக்கும், கோவிந்தாபுரம் தாண்டி முதலமடை, கொல்லங்கோடு பக்கம் போகும் பொள்ளாச்சிக்காரருக்கும் அது அந்நிய ஊராகத் தெரிவதில்லை. காதில் தமிழ் விழுகிறது, சந்தையும் பழகியது. அதனால் தோட்டத்தோடு ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வந்தால், நம்மூரில் செய்வதைப் போலவே பத்திரம், வில்லங்கம் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். ஆனால் நிலச் சட்டத்தைப் பொறுத்தவரை கேரளம் நமக்கு வெளியூர்தான். விற்பவர் பெயரில் பத்திரம் இருந்தால் மட்டும் போதாது. அந்த நிலம் முதன்முதலில் யாருக்கு, எதற்காக, எந்தச் சட்டப்படி கிடைத்தது என்று தெரிந்தாக வேண்டும்.

இடுக்கியில் பல இடங்கள் அரசு பதித்துக் கொடுத்த பட்டய நிலம். 1964-ஆம் ஆண்டு விதிகள் விவசாயத்துக்கும் வீட்டுமனைக்குமாக நிலம் கொடுத்தன. 1977 ஜனவரி 1-க்கு முன் வன நிலத்தில் குடியேறியவர்களுக்கு 1993-இல் தனி விதி வந்தது. எதற்காகக் கொடுத்தார்கள், என்ன நிபந்தனை என்பது பட்டயத்திலேயே எழுதியிருக்கும். விவசாயத்துக்குக் கொடுத்த நிலத்து வீட்டை ஹோம்ஸ்டேயாக மாற்ற நினைத்தால் அந்த நிபந்தனை குறுக்கே நிற்கும். இப்படிப்பட்ட நிபந்தனை மீறல்களை முறைப்படுத்த 2023-இல் சட்டத்திருத்தம் நிறைவேறியது. ஆனால் உங்கள் கட்டிடம் அதில் அடங்குமா என்பதை புரோக்கர் வாய்வார்த்தையை வைத்து முடிவு செய்யக் கூடாது.

பட்டயம் இருந்தாலும் அது செல்லுபடியானதா என்று பார்க்க வேண்டும். தேவிகுளம் தாலுகாவில் 1999-இல் கொடுக்கப்பட்ட 530 பட்டயங்களை, கொடுத்த அதிகாரிக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2022 ஜனவரியில் அரசு ரத்து செய்ய உத்தரவிட்டது. வருடக்கணக்காகக் கரம் (நில வரி) கட்டிய ரசீது அதைத் தடுக்கவில்லை. கரம் ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. ஏலமலைக் காடுகளில் சிக்கல் இன்னும் ஆழம். 1897 அறிவிப்பின்படி அது வனமா, வருவாய் நிலமா, எத்தனை ஏக்கர் என்ற வழக்கில், 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புதிய பட்டயம் வழங்கத் தடை விதித்தது. ஆகவே “மனு போட்டாச்சு, பட்டயம் வந்துரும்” என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வட்டவடை, கொட்டாக்கொம்பூர் பக்கமும் அவசரம் கூடாது. 2006-இல் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டதிலிருந்து அங்கே பட்டயங்கள் ஆய்வில் சிக்கியிருக்கின்றன.

பாலக்காட்டுச் சிக்கல் வேறு வகை. வில்லேஜ் ஆபீசில் அடிப்படை வரிப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். சர்வே எண்ணுக்கு நேரே ‘புரயிடம்’ என்றிருந்தால் மேட்டு நிலம், வீட்டுமனை. ‘நிலம்’ என்றிருந்தால் அது நெல்வயல். கண்ணுக்குத் தென்னந்தோப்பாகத் தெரிந்தாலும் கணக்கில் வயல்தான். 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடிக்கும். கிருஷிபவனில் (வேளாண் அலுவலகம்) நெல்வயல், ஈரநிலங்களைப் பதிந்து வைத்திருக்கும் டேட்டா பேங்க் பட்டியலையும் பாருங்கள். அதில் இருக்கும் நிலத்தில் களத்தை ஒட்டி ஓர் அறை எழுப்புவதற்குக்கூட அனுமதி வேண்டும்.

அட்டப்பாடியைப் பற்றிச் சொல்லும்போது வாங்குகிறவரின் நஷ்டத்தை மட்டும் பேசுவது நியாயமில்லை. இருளர், முடுகர், குறும்பர் கையிலிருந்து ஏமாற்றிப் பறிக்கப்பட்ட நிலத்தின் கதை அது. பழங்குடியினர் நிலத்தை உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதியின்றி மற்றவருக்கு மாற்றுவது செல்லாது; 1999-ஆம் ஆண்டு கேரளச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனைகட்டியைத் தாண்டி சோலையூர் பக்கம் மலிவாக நிலம் வந்தால், பழைய பத்திரங்களில் விற்றவர் யார் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இடையில் ஒரு பழங்குடிக் குடும்பத்தின் பெயர் அனுமதியின்றி வந்தால் விட்டுவிடுங்கள். அந்த நிலம் அவர்களுடையது.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்து பணம் அனுப்பும் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும், ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாரிசுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். மீறினால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். சரி, ஊரில் ஒரு நண்பர் பெயரில் வாங்கலாமே என்றால், அது பினாமி. சொத்து பறிபோகும், ஏழு ஆண்டு வரை சிறையும் உண்டு.

முன்னாதாரங்கள் (முந்தைய பத்திரங்கள்) எல்லாம், முதல் பட்டயத்தின் நகல், தண்டப்பேர் (நில வரிக் கணக்கு எண்) விவரம், கைவசச் சான்று, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, சர்வே ஸ்கெட்ச் ஆகியவற்றை உள்ளூர் வக்கீல் பார்க்கட்டும். விற்பவர் அமர்த்திய வக்கீல் வேண்டாம். மலையாளம் படிக்கத் தெரியாவிட்டால், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டறியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கேரள எல்லைக்குள் குடியிருக்கும் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது.

உரிமைக் குறை தெரியவந்தால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டாலும் வழி உண்டு. தெரிந்த குறையை மறைக்காமல் சொல்வது விற்பவரின் கடமை என்கிறது சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. கொடுத்த பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே வாங்குபவருக்குப் பற்றுரிமையும் தருகிறது. கிரயம் முடிந்த பிறகு மோசடி தெரிந்தால், தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பத்திரத்தை ரத்து செய்ய சிவில் வழக்குப் போட வேண்டும். போலீஸ் புகார் தனி. அது நடக்கிறது என்று சிவில் கெடு நிற்காது.