பாதியில் வேகம் குறையும் பாட்டுக்கு ஊரே ஆடியது தெரியுமா?

ஆட்டப் பாட்டின் நடுவில் வேகத்தைக் குறைத்தால் கூட்டம் கலைந்துவிடும் என்றுதானே நினைப்போம்? 2004 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஃபிரான்ஸ் ஃபெர்டினான்ட் குழு அதைத்தான் செய்தது! 'டேக் மீ அவுட்' பாட்டு விறுவிறுவென ஓடுகிறது. முதல் நிமிடம் முடிவதற்குள் டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து ஒவ்வொரு அடியாகக் கனத்து, வேகம் இறங்கி, முற்றிலும் வேறொரு தாளத்தில் போய் நிற்கின்றன. ஆட்டம் சூடுபிடிப்பதே அங்கேதான்! பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் அந்தப் பாட்டுக்கு 3-ஆம் இடம்!

இத்தனைக்கும் அவர்களது முதல் சிங்கிள் முதல் 40-க்குள்கூட வரவில்லை. 2004 பிப்ரவரியில் குழுவின் பெயரிலேயே முதல் ஆல்பம் வந்தது. அதுவும் நேராக 3-ஆம் இடம்! பெண்கள் ஆடுவதற்கான இசையைப் போட வேண்டும் என்பதுதான் இவர்கள் வெளிப்படையாகச் சொன்ன ஆசை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கிட்டார் வாசிப்பதே ராக் என்றிருந்த காலத்தில் அப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஆட்டப் பாட்டு என்றாலே விமர்சகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தால், அதுவும் நடக்கவில்லை. அமெரிக்காவின் கறாரான இசை விமர்சனத் தளம் பிட்ச்ஃபோர்க் அந்த ஆல்பத்துக்கு 10-க்கு 9.1 கொடுத்தது! இங்கிலாந்தின் என்.எம்.இ. இதழ் அந்த ஆண்டின் தலைசிறந்த ஆல்பமாக இதையே தேர்ந்தெடுத்தது. ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலி ஆண்டுதோறும் நேயர்களிடம் வாக்கெடுத்து 100 பாட்டுகளை வரிசைப்படுத்தும். 2004-இல் முதலிடம் எதற்கு? 'டேக் மீ அவுட்'டுக்கே! விமர்சகர் மதிப்பெண்ணும் நேயர் வாக்கும் ஒரே பக்கம் சாய்வது அடிக்கடி நடக்கிற காரியமா என்ன!

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. பெல் அண்ட் செபாஸ்டியன் குழுவின் மிக் குக் தன் பேஸ் கிட்டாரைப் பாடகர் அலெக்ஸ் கப்ரானோஸிடம் கொடுத்து, உருப்படியாக எதற்காவது பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டார். கப்ரானோஸோ, பேஸ் வாசித்தே அறியாத ஓவியக் கல்லூரி நண்பர் பாப் ஹார்டிக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான 2004 மெர்குரி விருதின் இறுதிப் பட்டியலில் பெல் அண்ட் செபாஸ்டியனும் இருந்தது, ஏமி வைன்ஹவுஸின் முதல் ஆல்பமும் இருந்தது. வென்றது ஃபிரான்ஸ் ஃபெர்டினான்ட்! கிட்டாரைக் கொடுத்தவரின் குழுவையே தாண்டிப்போய் வாங்கிய விருது!

குறை சொன்னவர்களும் உண்டு. கேங் ஆஃப் ஃபோர், ஜோசஃப் கே, ஃபயர் என்ஜின்ஸ் என்று கால் நூற்றாண்டுக்கு முந்தைய குழுக்களின் சாயல் தெரிகிறது என்றார்கள். சாயல் இருந்தது உண்மை. இவர்கள் அதை ஒருபோதும் மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எடின்பரோவின் ஃபயர் என்ஜின்ஸ் 1980-களின் தொடக்கத்திலேயே கலைந்துபோன குழு. அது 2004-இல் மீண்டும் ஒன்றுகூடியது! இரண்டு குழுக்களும் சேர்ந்து ஒரே இசைத்தட்டை வெளியிட்டன. ஒரு பக்கம் ஃபயர் என்ஜின்ஸின் பழைய பாட்டை ஃபிரான்ஸ் ஃபெர்டினான்ட் வாசித்தது. மறுபக்கம் இந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஜாக்குலின்', வாசித்தவர்கள் அந்த மூத்தவர்கள்!