கொல்லுப் பட்டறையில் பட்டைச் சாணை: அமைப்பும் பொது உபயோகமும்

தென்னேரியின் பெரிய ஏரியை நம்பிப் பயிர் செய்யும் குடியானவருக்கு ஏரித் தண்ணீர் எவ்வளவு அவசியமோ, கூரிய இரும்புக் கருவியும் அவ்வளவு அவசியமாகும். அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்ட இக்காலத்திலும் வேலி கழிக்கவும், புல் அறுக்கவும், இளநீர் சீவவும், அடுக்களையில் காய் நறுக்கவும் அரிவாளும் கத்தியும் அரிவாள்மனையும் இல்லாமல் ஒரு குடும்பமும் நடைபெறுவதில்லை. இவற்றைச் செய்து கொடுக்கும் கொல்லர் பெரும்பாலும் தமது வீட்டை ஒட்டிய பட்டறையிலேயே தொழில் நடத்துகிறார். அவருடைய வேலையை எளிதாக்கக்கூடியதும், அஜாக்கிரதையாக உபயோகித்தால் பொருளுக்கும் தேக சுகத்துக்கும் தீங்கு விளைவிப்பதுமான ஓர் இயந்திரத்தைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். கடைகளில் பெல்ட் கிரைண்டர் என்று வழங்கும் பட்டைச் சாணையே அது.

சாணையில் செல்லும் உழைப்பு

சிவகங்கை ஜில்லாவிலுள்ள திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பது யாவரும் அறிந்ததே. அங்கும் பிற ஊர்களிலும் லாரிகளின் பழைய ஸ்பிரிங் தகடுகளை வாங்கி, உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து அலகு செய்வது வழக்கம். இந்த உருக்கில் கரி கலந்திருப்பதால், பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்தால் அது கடினமடைந்து கூர்மையை நெடுநாள் தாங்கும். ஆனால் அடித்த அலகு அப்படியே கத்தி ஆகிவிடாது. இரு பக்கமும் சரிவு எடுத்து, மேடுபள்ளம் நீக்கி, விளிம்பை மெலிதாக்க வேண்டும். அரத்தைக் கொண்டு இதைச் செய்தால் கையும் தோளும் ஓய்ந்து போகும். நேரமும் மிகுதியாகச் செலவாகும். பட்டைச் சாணை இந்த நேரத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது.

இயந்திரத்தின் உறுப்புகள்

உப்புத்தாளைப் போல அரைக்கும் மணல் ஒட்டிய நீண்ட துணிப்பட்டை ஒன்று முனைகள் இணைக்கப்பட்டுச் சக்கரங்களின்மேல் ஓடுவதே இந்தச் சாணை. கத்தி வேலைக்குப் பெரிதும் உபயோகமாகும் பட்டை 2 அங்குல அகலமும் 72 அங்குலச் சுற்றளவும் உள்ளது. மோட்டாரின் தண்டில் மாட்டிய ஓட்டும் சக்கரம் ஒன்று. பட்டை தொய்யாதபடி ஸ்பிரிங் கொண்டு இழுத்து நிற்கும் கை ஒன்று. அக்கையின் நுனியில், நடுப்பாகம் சிறிது பருத்த சக்கரம் ஒன்று. இப்பருமனே பட்டையை நழுவவிடாமல் நடுவில் ஓடச் செய்கிறது. அச்சக்கரத்தை இலேசாகச் சாய்க்க ஒரு திருகாணி இருந்தால் பட்டை ஒரு பக்கம் ஒதுங்கும்போது நேராக்கிக் கொள்ளலாம். அலகை அழுத்துவதற்குப் பட்டையின் பின்னால் ஒரு தட்டையான இரும்புத் தகடும், அதன் எதிரே கையைத் தாங்கும் மேடையும் இருத்தல் வேண்டும். மேடைக்கும் பட்டைக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து இருக்கலாகாது; அதிகமானால் அலகு உள்ளே இழுக்கப்பட்டு விரலும் உடன் செல்லும்.

இவ்வுறுப்புகளில் மோட்டாரும் பட்டையும் நீங்கலாக மற்றவற்றை அருகிலுள்ள கடைசல் பட்டறையிலேயே செய்து கொள்ளலாம்.

வேகக் கணக்கு

மோட்டார் வாங்கும்போது அதன் குதிரைச் சக்தியை மட்டும் விசாரித்து, சுற்று வேகத்தைக் கேளாமல் வருவது பெரும் பிழை. நமது மின்சாரத்தில் ஒருவகை மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1440 சுற்றும், மற்றொரு வகை சுமார் 2880 சுற்றும் சுழலும். ஓட்டும் சக்கரத்தின் குறுக்களவு 100 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதன் சுற்றளவு 314 மில்லிமீட்டர். ஆகவே முதல் வகையில் பட்டை நிமிஷத்துக்கு ஏறக்குறைய 450 மீட்டரும், இரண்டாம் வகையில் 900 மீட்டரும் ஓடும். முதலில் கரடு நீக்குவதற்கு அதிக வேகம் உதவும். தோய்ச்சல் கொடுத்த அலகுக்கும், பழகாத கைக்கும் குறைந்த வேகமே தக்கது. ஒரே இயந்திரத்தில் பலர் வேலை செய்வதாயின் 1440 சுற்று மோட்டாரை வாங்கி, வேண்டும்போது 150 மில்லிமீட்டர் சக்கரத்தை மாட்டி வேகத்தை ஒன்றரை மடங்காக உயர்த்திக் கொள்வது உத்தமம். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் மின் கருவியும் உண்டு. அதைத் தேர்ந்த மின் தொழிலாளியைக் கொண்டே இணைத்தல் வேண்டும்.

கடினம் கெடுவது எப்படி

தோய்ச்சல் கொடுத்த அலகு அளவுக்கு மேல் சூடேறினால் தன் கடினத்தை இழந்துவிடும். சாணை பிடிக்கையில் விளிம்பில் தோன்றும் நிறமே இதற்கு அடையாளம். வைக்கோல் நிறம் சுமார் 220 டிகிரியையும், நீல நிறம் சுமார் 300 டிகிரியையும் காட்டும். விளிம்பு நீலமான கத்தி பார்வைக்குப் பளபளப்பாக இருப்பினும் நான்கு நாளில் மழுங்கிவிடும். வாங்கியவர் இரும்பைக் குறை கூறுவார். பட்டறையின் பெயர் கெடும். மறுபடியும் உலையிலிட்டுத் தோய்ச்சல் கொடுப்பதைத் தவிர இதற்குப் பரிகாரம் இல்லை.

ஆகையால் பெரும்பாலான தேய்ப்பைத் தோய்ச்சலுக்கு முன்னரே முடித்துவிட வேண்டும். 36 அல்லது 60 எண் பட்டையால் சரிவு எடுத்து, விளிம்பை அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை கனமாக விட்டுத் தோய்ச்சல் கொடுப்பது முறை. அதற்கு முன்பே விளிம்பை மெலிதாக்கினால் தோய்ச்சலில் அது வளையும் அல்லது வெடிக்கும். தோய்ச்சலுக்குப் பின் 120, 220, 400 என்று எண்ணை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். எண் உயர மணல் நயமாகும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, விரலுக்குச் சூடு தெரிந்தவுடன் அலகை முக்குதல் வேண்டும். தேய்ந்த பட்டை இரும்பை வெட்டாமல் உரசும். உரசினால் சூடே மிகும். ஆதலால் சிக்கனம் கருதிப் பழைய பட்டையை ஓட்டுவது உண்மையில் நஷ்டமே.

தூசியும் தேக சுகமும்

இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரம் கத்திக்குப் பெயர் போனது. அங்கே மணற்கல் சக்கரத்தில் தண்ணீரின்றிச் சாணை பிடித்தவர்கள் கல்தூசியைச் சுவாசித்து, இருமலும் மூச்சுத் திணறலும் கண்டு இளவயதிலேயே மாண்டனர். ஆர்னால்டு நைட் என்னும் வைத்தியர் 1830இல் இந்நோயைப் பற்றி எழுதினார். இக்காலத்துச் சாணைப் பட்டைகளில் மணற்கல் இல்லை. எனினும் இரும்புப் பொடியும் பட்டை மணலும் கண்ணுக்குத் தெரியாத தூசியாக மூச்சில் செல்லுகின்றன. வீட்டுப் பட்டறையில் இது கொல்லருக்கு மட்டுமல்ல, திண்ணையில் உறங்கும் குழந்தைக்கும் எட்டும். துண்டை மூக்கில் கட்டுவது போதாது. நயமான தூசியைத் தடுக்கும் என் 95 வகை முகமூடி வேண்டும். பொறி விழும் இடத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்தால் தூசியின் ஒரு பகுதி அதில் அடங்கும். கைப்பிடி மரத்தை அதே இடத்தில் தேய்த்தால் மரத்தூளில் பொறி விழுந்து புகைந்து தீப்பற்றக்கூடும். ஆகையால் ஒவ்வொரு முறையும் தூளை அகற்றிய பின்னரே இரும்பு வேலையைத் தொடங்க வேண்டும்.

கண்ணாடி அணியாமல் சாணையருகே நிற்கலாகாது. தொங்கும் துண்டும், அவிழ்த்துவிட்ட வேட்டியும், தளர்ந்த துணிக் கையுறையும் பட்டையில் சிக்கும். கூர்மை ஏறிய பின் விளிம்பைப் பட்டை ஓடும் திசைக்கு எதிராகக் காட்டலாகாது. காட்டினால் பட்டை கிழிந்து, கத்தி கையை விட்டுப் பறக்கும்.

பொது உபயோகமாக வைத்தல்

கொல்லர் ஒருவர் நாளில் பெரும்பகுதி உலையின் முன்தான் நிற்கிறார். சாணைக்குத் தேவையான நேரம் குறைவு. ஒருவர் கடன்பட்டு வாங்கிய இயந்திரம் மீதி நேரமெல்லாம் வாளாவிருக்க, வட்டி மட்டும் ஓய்வின்றி ஓடும். வியாபாரியிடம் முன்பணம் பெற்று வாங்கினாலோ, செய்த கத்தியை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க நேரிடும். காஞ்சிபுரத்து நெசவாளரின் தறி அவரவர் வீட்டில் இருப்பினும், வீதியில் பாவு விரிக்கப் பலர் கூடுகின்றனர். அதுபோல் உலை அவரவர் வீட்டிலும் சாணை பொதுவிலும் இருக்கலாம். வீட்டிலிருந்து தூசியை அகற்றவும் இதுவே வழி.

கூட்டுறவு இந்த ஜில்லாவுக்குப் புதிதன்று. 1904ஆம் வருஷத்துச் சட்டம் வந்த அவ்வாண்டு அக்டோபரிலேயே காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. நான்கைந்து பட்டறைக்காரர் கூடினால் பொதுச் சாணை ஒன்றை வைத்து நடத்துவது அரிதன்று. அதற்குச் சில ஏற்பாடுகள் அவசியம்:

1. காற்றோட்டமுள்ள தனிக் கொட்டகை. அதற்குப் பொறுப்பாளர் ஒருவர்.

2. யார், எந்த நாள், எத்தனை மணி உபயோகித்தார் என்று எழுதும் புத்தகம்.

3. மணிக்கணக்கில் கட்டணம். 2 குதிரைச் சக்தி மோட்டார் மணிக்கு ஏறத்தாழ 2 யூனிட்டுக்குள் மின்சாரம் கொள்ளும். அதற்கு மேல் ஒரு பகுதியைத் தேய்மான நிதிக்கு ஒதுக்க வேண்டும்.

4. பட்டையை அவரவரே கொண்டு வருதல். பிறர் பட்டையைத் தேய்த்த வழக்கினால் ஒற்றுமை குலையாமல் இருக்க இதுவே வழி.

5. முகமூடியும் கண்ணாடியும் இல்லாதவருக்கு இயந்திரத்தை ஓட்ட அனுமதி இல்லை என்னும் விதி.

6. விற்ற கருவியையும் வாங்கியவர் பெயரையும் குறித்து வைத்தல். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுத வகையில் சேர்த்து, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் கைத்தொழிலுக்கும் அமைந்தவற்றை விலக்குகின்றன. ஒழுங்கான கணக்கு நேர்மையான தொழிலாளிக்குப் பாதுகாப்பாகும்.

இயந்திரம் வாங்குவது ஒருநாள் வேலை. அதை முறையாக நடத்துவது நாள்தோறும் செய்யும் வேலை. தண்ணீர் வாளியும், முகமூடியும், கணக்குப் புத்தகமும் இல்லாத இடத்தில் பட்டைச் சாணை கத்தியின் கடினத்தையும் மனிதனின் மூச்சையும் ஒருங்கே தேய்த்துவிடும். இம்மூன்றும் உள்ள இடத்தில் அது கொல்லரின் தோளுக்கு ஓய்வும் குடும்பத்துக்கு வருமானமும் அளிக்கும். அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் இதை யோசித்து முடிவு செய்வார்களாக.